குளிர்காலம் முடிந்து நேரோபோட்டில் மறுபடி புறப்படுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக வைத்து வாழ்பவர்களுக்கு மார்ச் மாதம்தான் புத்தாண்டு. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட் வாடகைக்கு விடும் குளிர்காலத் துறைகள் (படகு கட்டும் இடங்கள்) நவம்பர் 1 அன்று தொடங்கி பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிடும். நிரந்தரத் துறை இல்லாத படகுகள் அதற்குப் பிறகு நகர்ந்தே ஆக வேண்டும். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, அப்படிப்பட்ட படகு ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது.

நான்கு மாதம் அசையாமல் நின்ற படகு, போன அக்டோபரில் நன்றாக ஓடியது என்பதற்காக இப்போதும் ஓடும் என்று நம்ப இடமில்லை. ஆனால் பலர் ஒரு வெயிலான காலையில் சாவியைத் திருப்புகிறார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, உடனே கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். புறப்படுவதை ஒரு காலை வேலையாக நினைக்காதீர்கள். அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் நாள் ஓட்டத்தையும் பயணமாகக் கருதாமல் சோதனையின் கடைசிக் கட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

நேரோபோட் என்பது 6 அடி 10 அங்குல அகலமுள்ள இரும்புப் படகு. படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள நீர்த்தொட்டிகளான 7 அடி அகல லாக்குகளுக்குள் நுழைவதற்காக அமைந்த அளவு அது. நீளம் 70 அடி வரை போகும். பலர் வாழும் 57 அடிப் படகின் எடை 15 முதல் 20 டன் இருக்கும். பாதையையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்பதால், பிரான்ஸ்டனில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் வழியாகத் தெற்கே போகும் ஒரு படகை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கால்வாய்களுக்கும் முறை இதேதான்.

ஒரு வாரத்துக்கு முன்: பாதை திறந்திருக்கிறதா?

எஞ்சினைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைத் தொடுங்கள். லாக் கதவு மாற்றுவது, சுவர் கட்டுவது போன்ற பெரிய பராமரிப்பு வேலைகளை டிரஸ்ட் குளிர்காலத்தில்தான் வைத்துக்கொள்ளும். அவை பெரும்பாலும் மார்ச் நடுவில் முடியும், சில இழுக்கும். நீங்கள் போகிற கால்வாயின் பெயரைக் கொடுத்து டிரஸ்டின் இணையதளத்தில் அடைப்பு அறிவிப்புகளைப் பாருங்கள், மின்னஞ்சலிலும் வரும்படி பதிந்துகொள்ளுங்கள். மழை, வெள்ளம், விழுந்த மரம், உடைந்த மதகு எல்லாம் அதில்தான் வரும்.

தண்ணீர்ப் பற்றாக்குறையையும் கணக்கில் வையுங்கள். 2025-இல் வறட்சியால் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதி மே மாதத்திலேயே மூடப்பட்டது. மேட்டுப் பகுதிகளுக்கு நீர்த்தேக்கங்களிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். அங்கே கோடையைக் கழிக்க நினைப்பவர்கள் வசந்தத்திலேயே கடந்துவிடுவது நல்லது.

தூரத்தைக் கணக்கிடும் வழி எளிது. ஒரு லாக்கை ஒரு மைலாக வைத்துக்கொள்ளுங்கள். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். பிரான்ஸ்டன் முக்கிலிருந்து நாப்டன் அடிவார லாக் வரை சுமார் 7 மைல், லாக் ஒன்றுமில்லை, ஆகவே இரண்டரை மணி நேரம். அடுத்து நாப்டன் ஏற்றம்: ஒன்பது லாக், இடையில் ஏறத்தாழ 2 மைல், ஆகவே நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் முதல் நாளில் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.

போகும் வழியில் குடிநீர்க் குழாய் எங்கே, கழிவு கொட்டுமிடம் எங்கே, படகைத் திருப்ப அகலமான இடம் எங்கே என்ற மூன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். 57 அடிப் படகைக் கால்வாயில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. திருப்புமிடம் தாண்டிப் போனபின் கோளாறு தெரிந்தால், அடுத்த திருப்புமிடம் வரை அந்தக் கோளாறோடுதான் போக வேண்டும்.

தாள்கள்

உரிமம், காப்பீடு, படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றின் தேதியையும் பாருங்கள். சான்றிதழ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது என்பதால் மறந்துபோக வாய்ப்பு அதிகம். உரிம எண் படகின் இருபுறமும் தெரிய வேண்டும்.

தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே அடுத்த மாதத்துக்கான மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஊரில் எந்த வாரம் இருப்பீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வாழ்க்கை இது. கரையில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் பாதையைச் சொல்லி வையுங்கள்.

எஞ்சின் அறை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். எண்ணெய் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு போன இலையுதிர் காலத்தைவிட உயர்ந்திருந்தாலோ, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தாலோ சாவியைத் திருப்பாதீர்கள். உள்ளே தண்ணீரோ டீசலோ கலந்திருக்கிறது. கியர் பெட்டிக்கும் தனி எண்ணெய் உண்டு, அதையும் பாருங்கள்.

பல நேரோபோட்டுகளில் எஞ்சின் குளிர்நீர் படகின் இரும்புச் சுவரை ஒட்டிய ஒரு தொட்டிக்குள் சுற்றி வரும். வெளியே உள்ள கால்வாய் நீர் அந்தச் சுவரைக் குளிர்விக்கும். இந்த அமைப்பில் உறையெதிர்ப்புத் திரவம் போதாமல் இருந்தால், ஜனவரி உறைபனி எஞ்சினுக்குள்ளேயே வெடிப்பு உண்டாக்கியிருக்கும். அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று எஞ்சினுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். ஓரம் பிய்ந்திருந்தால் மாற்றுங்கள், மாற்றுப் பெல்ட் ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும்.

டீசல்தான் பலர் மறக்கும் இடம். குளிர்காலம் முழுக்க பாதி காலியாக இருந்த டாங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து, அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். படகு நின்றிருக்கும் வரை அது அடியிலேயே கிடக்கும். ஓடத் தொடங்கி டாங்க் குலுங்கியதும் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் துறையில் அரைமணி நேரம் அருமையாக ஓடிவிட்டு நடுவழியில் இருமி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபில்டருக்கு முன்னால் உள்ள நீர்பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வடியுங்கள். தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். கறுப்புச் சளி வந்தால் ஃபில்டரை மாற்றி, டாங்கில் நுண்ணுயிர்க்கொல்லி ஊற்றி, இரண்டு மூன்று ஃபில்டர்களைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எஞ்சினை ஓட விடலாம். குளிர்ந்த டீசல் எஞ்சின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விடுவது இயல்பு. சில நிமிடத்தில் அது தெளிய வேண்டும். நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்புப் புகை நீடித்தால் காற்றோ எரிபொருளோ சரியில்லை. படகு கட்டியிருக்கும்போதே அரை மணி நேரம் ஓடட்டும். முன்கியரும் பின்கியரும் விழுகிறதா என்று சில நொடிகள் மட்டும் போட்டுப் பாருங்கள், அதிக நேரம் போட்டால் கரை அரிக்கும், படகைக் கட்டக் கரையில் அடித்த முளையும் பிடுங்கிக்கொள்ளும். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை கட்டியிருக்கும் படகில் எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது உரிம விதி.

தண்ணீர் உள்ளே வரும் இரண்டு வழிகள்

நல்ல நிலையில் உள்ள இரும்புப் படகு சும்மா மூழ்குவதில்லை. தண்ணீர் வர வழி வேண்டும். பின்முனையில் அப்படி இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் உங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஸ்டெர்ன் கிளாண்ட். ப்ரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு அது. வழக்கமான வகையில் கிரீஸ் அடைத்த ஒரு பித்தளைத் திருகு இருக்கும். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது சரி. நிறுத்தியபின் திருகைத் திருப்பிக் கை இறுகும்வரை கிரீஸைச் செலுத்தினால் சொட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அடைப்புக் கயிறு தேய்ந்திருக்கிறது, புறப்படுவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது வீட் ஹாட்ச். ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே, எஞ்சின் அறையில் இருக்கும் மூடியுள்ள பெட்டி. அதன் வழியாகக் கையை விட்டு ப்ரொப்பெல்லரில் சுற்றியதை எடுக்கலாம். குளிர்காலத்தில் மிதந்து வந்த பிளாஸ்டிக் பையும் கயிறும் முள்கம்பியும் சுற்றியிருக்க வாய்ப்பு உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் சாவி உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். தடித்த கையுறை, வயர் கட்டர், ரொட்டிக் கத்தி மூன்றும் போதும்.

மூடும்போதுதான் உயிர் இருக்கிறது. மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள், குறுக்குக் கம்பியைச் சரியாகப் பொருத்தி இறுக்குங்கள். படகு நின்றிருக்கும்போது தளர்ந்த மூடியில் ஒரு சொட்டும் வராது. ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுழன்றதும் அது தண்ணீரை மேலே தள்ளும். தளர்ந்த மூடியோடு ஓடியதால் எஞ்சின் அறை நிரம்பிப் பின்முனை தாழ்ந்து மூழ்கிய படகுகள் உண்டு. மூடியபின் எஞ்சினை ஓட்டி, கியரைச் சில நொடி போட்டு, விளிம்பில் கசிகிறதா என்று பாருங்கள்.

அடிப்பள்ளத்தில் தங்கிய நீரை வெளியேற்றும் பம்பு தானாகவே ஓடுகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

மின்சாரம்

வீட்டு பேட்டரிகள் லெட்–ஆசிட் வகை என்றால், சார்ஜும் பயன்பாடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளந்தபோது 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் ஆயுள் குறையும். மூடி திறக்கும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அழுக்கும் பாசியும் படிந்த சூரியத் தகடுகளைத் துடைத்தாலே ஏப்ரல் வெயிலில் வித்தியாசம் தெரியும்.

நம் சமையல் செய்பவர்களுக்கு ஒரு யோசனை. மிக்ஸியும் கிரைண்டரும் இன்வர்ட்டரில் ஓடும், ஆனால் நின்ற நாளில் ஓட்டினால் பேட்டரியை உறிஞ்சிவிடும். மாவு அரைக்கும் வேலையைப் பயண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தாராளம், எஞ்சின் சூட்டில் வெந்நீர்த் தொட்டியும் கொதித்துவிடும். அந்தத் தொட்டி இருக்கும் அலமாரியில் மாவுப் பாத்திரத்தை வைத்தால் மார்ச் குளிரிலும் காலைக்குள் பொங்கியிருக்கும்.

தண்ணீர், கேஸ், கழிவு, புகை

குளிர்காலத்துக்காகக் குழாய்களை வடித்து வைத்திருந்தால், எல்லா வடிகால் திருகுகளையும் மூடிவிட்டுப் பம்பைப் போடுங்கள். எந்தக் குழாயும் திறக்காதபோது பம்பு விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிகிறது. ஷவரின் கலப்புக் குழாயை முதலில் சந்தேகியுங்கள், உறைபனியில் அது எளிதில் வெடிக்கும். பழைய தண்ணீரை முழுக்க வெளியேற்றி, கிருமிநாசினி மாத்திரை போட்டு அலசி, பிறகு புதிதாக நிரப்புங்கள். கரைக் குழாயைச் சற்று நேரம் ஓட விட்டு, குடிநீருக்கென்றே வைத்த ஹோஸை மட்டும் மாட்டுங்கள்.

பெரும்பாலான படகுகளில் தண்ணீர்த் தொட்டி முன்முனையில் இருக்கும். காலித் தொட்டியோடு போனால் முன்முனை எழும்பி நிற்கும், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். ஐந்நூறு லிட்டர் நிரப்பினால் அரை டன் எடை ஏறி, படகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதல் நாளில் நிரப்பிக்கொண்டு போவதே என் விருப்பம்.

சமையல் கேஸ் புரொப்பேன்தான். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்கு அருகில் ஆவியாவதை நிறுத்திவிடும். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் படகின் அடியில் தேங்கும். சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளையில் இலையோ துருவோ அடைத்திருக்கக் கூடாது. குச்சியை விட்டுப் பாருங்கள். கசிவுச் சோதனைக் கருவி இருந்தால் அதன் பட்டனை அழுத்திக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள்.

கழிப்பறைக்கு அடியில் உள்ள, கழற்றி எடுக்கும் தொட்டியான மலக்கழிவுக் கேசட்டைப் புறப்படும் நாளுக்கு முந்தின மாலை காலி செய்யுங்கள்.

குளிர்காலம் முழுக்க எரிந்த கரி அடுப்பின் புகைக்குழாயைத் துடைத்து, கதவின் அடைப்புக் கயிற்றைச் சரிபார்த்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்துங்கள். 2019 ஏப்ரல் முதல் தங்கும் அறையுள்ள படகுகளில் இந்த அலாரம் கட்டாயம். வாசனையில்லாத அந்த வாயு தூக்கத்தில் கொல்லும். பின்கதவு திறந்திருக்க எஞ்சின் ஓடினாலும் புகை உள்ளே இழுபடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டை அடுக்குதல்

நான்கு மாதம் ஓரிடத்தில் நின்ற வீட்டில் சாமான்கள் வீட்டுக்குரிய இடங்களில் போய் உட்கார்ந்திருக்கும். லாக் சுவரில் மெல்ல மோதினாலும் அலமாரியில் உள்ளது தரைக்கு வரும். கண்ணாடி, எண்ணெய்ப் பாட்டில், லேப்டாப், அடுப்பின் மேல் கெட்டில் நான்கையும் இறக்கி வைத்துவிட்டால் பெரும்பாலும் போதும். பக்கக் கதவை மூடிவிடுங்கள். பழைய லாக் கதவுகளின் இடுக்கிலிருந்து பீறிடும் தண்ணீர் நேராகப் படுக்கையில் விழும்.

கூரையில் உள்ள செடித் தொட்டிகள், சைக்கிள், விறகு எல்லாம் தாழ்வான பாலத்துக்குக் கீழே போகுமா என்று பாருங்கள். புகைக்குழாயின் நீட்டிப்பைக் கழற்றி வையுங்கள். கூரையின் நடுக்கயிறு மட்டும் எதிலும் சிக்காமல் உங்கள் கைக்கு எட்டும்படி கிடக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் விழுந்து ப்ரொப்பெல்லரை எட்டும் நீளத்துக்கு அல்ல.

கைக்கு எட்டும் இடத்தில்: லாக் மதகைத் திருப்பும் கைப்பிடி இரண்டு (ஒன்று தண்ணீரில் விழும்), டிரஸ்டின் நீர்க்குழாய்ச் சாவி, சுத்தியல், முளைகள், தள்ளு கம்பு, கத்தி, உயிர்காப்பு அங்கி.

புறப்படும் காலை

முதலில் காற்று. படகின் பக்கவாட்டு முழுக்க ஒரு நீண்ட சுவர், அடியில் நீருக்குள் இருப்பதோ இரண்டு இரண்டரை அடிதான். மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று என்று வானிலை சொன்னால், குளிர்காலத்துக்குப் பின் முதல்முறை ஓட்டுபவர் அன்று இருந்துவிடலாம். கால்வாயில் மெல்லிய பனிக்கட்டி இருந்தாலும் காத்திருங்கள். உங்கள் இரும்பு உடைத்துத் தள்ளும் பனித்தகடு பக்கத்தில் நிற்கும் ஃபைபர் படகின் உடலைக் கீறும்.

பிறகு இந்த வரிசையில்:

1. கரை மின்சார வயரை முதலில் கழற்றுங்கள். பலர் கடைசியில் மறப்பது இதைத்தான்.
2. அடிப்பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறதா, வீட் ஹாட்ச் மூடி இறுகியிருக்கிறதா என்று ஒரு பார்வை.
3. எஞ்சினைப் போட்டுப் பத்து நிமிடம் சூடேற விடுங்கள். வெளியேற்றக் குழாயையும் சார்ஜ் விளக்கையும் கவனியுங்கள்.
4. சுக்கானைத் திருப்பும் டில்லர் இருபுறமும் முழுதாகப் போகிறதா என்று அசைத்துப் பாருங்கள்.
5. இருபுறமும் வரும் படகு இல்லை என்று பார்த்துவிட்டு, காற்று வரும் திசைக்கு எதிர்முனைக் கயிற்றை முதலில் அவிழுங்கள். காற்றைத் தாங்கும் கயிறு கடைசியில்.
6. முளைகளைப் பக்கவாட்டில் தட்டித் தளர்த்திப் பிடுங்கி, எண்ணி உள்ளே போடுங்கள்.

காற்று இல்லாத நாளில் முன்முனையைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு மெதுவாக முன்கியர் போட்டால் போதும். காற்று உங்களைக் கரையோடு அழுத்தும் நாளில் அது பலிக்காது. முன்முனை வெளியே போன வேகத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது முன்கயிற்றை மட்டும் கரையில் ஒரு சுற்றுப் போட்டு வைத்துக்கொண்டு, கரைப் பக்கம் திருப்புவதுபோல் சுக்கானைப் பிடித்து மெல்ல முன்கியர் கொடுங்கள். முன்முனை நகர முடியாமல் பின்முனை நடுக்கால்வாய்க்கு வரும். பிறகு கயிற்றை விடுவித்துப் பின்கியரில் வெளியேறுங்கள். இந்த வித்தைக்குக் கரையில் ஒருவர் வேண்டும், தனியாளாக முயல வேண்டாம்.

ஓட்டம்

டில்லரை இடப்பக்கம் தள்ளினால் முன்முனை வலப்பக்கம் போகும். படகு திரும்புவது அதன் நடுப்பகுதியைச் சுற்றி, ஆகவே முன்முனை ஒருபுறம் போகும்போது பின்முனை எதிர்ப்புறம் வீசும். குளிர்கால இடைவெளிக்குப் பின் கை மறப்பது இந்த வீச்சைத்தான்.

அதிகபட்ச வேகம் மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை மிகக் குறைந்த ஓட்டத்துக்கு இறக்குங்கள், அவற்றைத் தாண்டிய பிறகல்ல, நெருங்குவதற்கு முன்பே. வேகமாகப் போகும் படகு முன்னால் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும், அதில் கட்டிய படகுகளின் முளை பிடுங்கும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். ஆழம் குறைந்து படகு இழுபடுவதுபோல் இருந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது. கூட்டினால் பின்முனை இன்னும் கீழே அமரும். குறைத்தால் எழும்பும்.

கிளம்பி இருபது நிமிடத்தில் ஒதுங்கி ஒரு முறை நிறுத்துங்கள். முதல் நாள் ஓட்டத்தின் உயிரே இந்த நிறுத்தம்தான். எஞ்சின் வெப்பநிலை, பெல்ட், டீசல் இணைப்புகளில் ஈரம், ஸ்டெர்ன் கிளாண்டின் சொட்டு, வீட் ஹாட்ச் விளிம்பு, அடிப்பள்ளத்து நீர் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். துறையில் அசையாமல் ஓடிய எஞ்சின் காட்டாததைச் சுமை இழுத்த எஞ்சின் காட்டும்.

ஒவ்வொரு பாலத்திலும் எண் பொறித்த தகடு இருக்கும். கடந்துவந்த பாலத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே போங்கள். அவசரத்துக்கு 999-ஐ அழைத்தால் கால்வாயின் பெயரும் பால எண்ணும்தான் உங்கள் முகவரி.

முதல் லாக்

லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள நீர்த்தொட்டி. கதவிலும் கரையிலும் உள்ள சிறு மதகுகளைக் கைப்பிடியால் திருப்பித் தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றலாம், இறக்கலாம். 7 அடி லாக்கில் ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் செலவாகும். அதனால் எதிரே ஒரு படகு வருவது தெரிந்து, லாக்கும் அதற்குச் சாதகமாக இருந்தால், காத்திருந்து அதற்கு வழிவிடுங்கள்.

ஏறும்போது கரை மதகை முதலில் பாதி திறந்து, படகு அமைதியானதும் முழுதாக்குங்கள். கதவு மதகை அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் நேராக முன்தளத்தில் கொட்டும். மோதலைத் தாங்க முன்முனையில் தொங்கும் உருண்டை கதவின் குறுக்குக் கட்டைக்குக் கீழே மாட்டிக்கொள்கிறதா என்று கண் எடுக்காமல் பாருங்கள். மாட்டினால் முன்முனை அமிழ்ந்து தண்ணீர் உள்ளே புகும். மேல் மதகுகளை உடனே மூடி, கீழ் மதகைத் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும்.

இறங்கும்போது ஆபத்து பின்னால். மேல் கதவுக்குக் கீழே ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இறங்க இறங்க அது வெளியே வரும். சுவரில் வெள்ளைக் கோட்டால் அது எதுவரை என்று குறித்திருக்கும். சுக்கான் உட்பட உங்கள் பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்முனை திண்டில் உட்கார்ந்துவிட்டால் முன்முனை மட்டும் இறங்கி, நிமிடங்களில் படகு மூழ்கும். சுக்கானில் இருப்பவர் கத்தியவுடன் கரையில் இருப்பவர் கேள்வி கேட்காமல் கீழ் மதகுகளை மூட வேண்டும், பிறகு மேல் மதகை மெல்லத் திறந்து நிரப்ப வேண்டும். இதைப் புறப்படுவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை மதகின் தண்டில் விட்டுவிட்டு நகராதீர்கள். பிடிப்புக் கொக்கி நழுவினால் அது சுழன்று எலும்பை முறிக்கும். கரைக்கு எட்டி அடியெடுத்து வையுங்கள், தாவாதீர்கள். மார்ச் மாதக் கால்வாய் நீரின் குளிர் மூச்சையே நிறுத்தும். கையில் காயம் இருந்தால் கையுறை, சாப்பிடுமுன் சோப்பு. எலிக்காய்ச்சல் கிருமி இந்தத் தண்ணீரிலும் உண்டு.

முதல் மாலை

முதல் நாள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாப்டன் அடிவாரத்தில் நிறுத்தினால் சரியாக வரும். லாக் முகப்பு, தண்ணீர்க் குழாய், திருப்புமிடம், வளைவு, பாலத்தடி ஆகியவற்றில் கட்டக் கூடாது. சில துறைகளில் 48 மணி நேரம்தான் அனுமதி, பலகையைப் படியுங்கள். இரும்புத் தகடு பதித்த கரையானால் கொக்கி, மண் கரையானால் முளை. முன்னும் பின்னும் கயிற்றைச் சாய்வாக விட்டுக் கட்டினால் கடந்து போகும் படகுகளின் அலையில் முன்பின் ஆடாது. நடுக்கயிற்றை இறுக்கிக் கட்டி விட்டுவிடாதீர்கள், அலை வரும்போதெல்லாம் படகு கரைப் பக்கம் சாய்ந்து குலுங்கும்.

எஞ்சினை நிறுத்தியதும் கிரீஸ் திருகை இறுக்குங்கள். இருட்டுவதற்கு முன் எண்ணெயையும் அடிப்பள்ளத்தையும் ஒருமுறை பார்த்து, என்ன கண்டீர்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு

இரவில் எதுவும் கசியவில்லை என்றால் மறுநாள் நாப்டன் ஏற்றம். காலையிலேயே தொடங்குங்கள், ஏற்றத்தின் உச்சியான மார்ஸ்டன் டோல்ஸ் வந்ததும் ஓய்வு. அங்கிருந்து கிளேடன் வரை 11 மைல் லாக் இல்லாத மேட்டுப் பகுதி. ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்துப் பொறியாளர்கள் நிலத்தின் சமமட்டத்தை ஒட்டியே கால்வாயை வெட்டியதால் அது குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும். இரு முனைகளுக்கும் நேர்க்கோட்டில் அதில் பாதித் தூரம்கூட இல்லை. அவசரப்படாமல் ஒரு முழு நாள் கொடுங்கள், எஞ்சினின் சீரான ஓசையைக் காது பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

கிளேடனில் ஐந்து லாக் இறக்கம், பிறகு கிராப்ரெடி, பான்பரி. பான்பரி பெரிய ஊர், கடை கண்ணி எல்லாம் கரைக்குப் பக்கத்திலேயே. அதற்குத் தெற்கே மரத்தாலான தூக்குப் பாலங்கள் வரும். தூக்கிய பாலத்தின் கட்டையை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, படகு முழுதாகக் கடந்த பின்பே விட வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டை நெருங்கும்போது தேம்ஸுக்குள் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். தேம்ஸ் டிரஸ்டின் பொறுப்பில் இல்லை, என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொறுப்பில் உள்ளது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், நங்கூரமும் வேண்டும். கால்வாயில் எஞ்சின் நின்றால் கரைக்கு மிதப்பீர்கள், ஆற்றில் நின்றால் தடுப்பணையை நோக்கிப் போவீர்கள். லாக்குகளில் நீரோட்டப் பலகை தொங்கும். மஞ்சள் பலகை என்றால் ஓட்டம் மாறிக்கொண்டிருக்கிறது, சிவப்பு என்றால் ஓட்டம் கடுமை, எஞ்சின் உள்ளதோ இல்லாததோ எந்தப் படகும் போக வேண்டாம் என்பதே ஏஜென்சியின் அறிவுரை. வசந்த மழையில் சிவப்புப் பலகை வாரக்கணக்கில் தொங்குவதும் உண்டு. அப்படியானால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே கால்வாயோரம் உள்ள த்ரப்பிலோ அதற்கு வடக்கேயோ, 14 நாள் விதிக்கு உட்பட்டு, பலகை இறங்கும் வரை கால்வாயிலேயே இருங்கள்.